சைக்கிளோடு ஒரு ஸ்பேனரும் கொடுங்கள்

பிளஸ் ஒன் இயற்பியலில் திருப்பு விசை ஒரு பாடம். அதே பிளஸ் ஒன்னில்தான் அரசு விலையில்லா சைக்கிளும் தருகிறது. 2001-இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கிய திட்டம், பிறகு அரசுப் பள்ளி, உதவிபெறும் பள்ளிப் பிள்ளைகள் எல்லாருக்குமாக விரிந்தது. பாடம் வகுப்பறையில் நடக்கிறது. சைக்கிள் வெளியே வேப்பமரத்தடியில் நிற்கிறது. இரண்டும் சந்திப்பதே இல்லை. இயற்பியல் டீச்சராக எனக்கு இதில் பெரிய வருத்தம்.

எங்கள் பள்ளி புதுக்கோட்டைப் பக்கம். முன்பு சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டியவர்களெல்லாம் இப்போது பைக் மெக்கானிக்குகள். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனால் “நாளைக்கு வாம்மா” என்பார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது; வருமானம் எங்கேயோ அங்கேதான் கை போகும். ஆகவே சின்ன ரிப்பேரை வீட்டிலேயே பார்க்க வேண்டியிருக்கிறது. “வீட்டில் டூல்ஸ் இல்லையே டீச்சர்” என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். கடைக்காரர் பெட்டியில் இருப்பவை செய்வதெல்லாம் பிடிப்பது, தாங்குவது, தள்ளுவது, திருப்புவது, அவ்வளவுதான். இதில் எது வேண்டும் என்று தெரிந்துவிட்டால், அதற்கான பொருள் கொல்லைப்புறத்திலேயே கிடைக்கும்.

துருவேறிய பெடலை எடுத்துக்கொள்வோம். முக்கால் அடி ஸ்பேனரால் அது அசையாது. ஸ்பேனரின் கைப்பிடியில் பழைய ஜிஐ பைப் ஒன்றைச் செருகி நீளத்தை இரண்டேகால் அடியாக்கினால், அதே கை பலத்துக்கு மூன்று மடங்கு திருப்பு விசை. ஆனால் இடது பெடலில் போய் எல்லாரும் மாட்டிக்கொள்வார்கள். “டீச்சர், திருகத் திருக இறுகுதே!” இறுகத்தான் செய்யும், இடது பெடலின் மரை தலைகீழ். ஸ்பேனரைப் பெடல் அச்சுக்கு மேலே நிமிர்த்திப் பிடித்து, பின்சக்கரத்தை நோக்கித் தள்ள வேண்டும். இரண்டு பெடலுக்கும் இது ஒன்றுதான் கணக்கு. அப்படித் தள்ளும்போது ஃப்ரீவீல் இருப்பதால் கிராங்கும் சேர்ந்து பின்னால் சுற்றும். அதைப் பின்சக்கரத்துக்குப் போகும் ஃபிரேம் கம்பியோடு கயிற்றால் கட்டிவிட்டால் ஒரே ஆள் போதும். மெல்லிய ஸ்பேனராக இருக்க வேண்டும் என்பது மட்டும் முக்கியம். தடித்தது கிராங்குக்கும் பெடலுக்கும் நடுவில் நுழையாது.

காட்டர் பின் இன்னும் முரண்டு பிடிக்கும். கிராங்கை அச்சோடு இறுக்கும் சின்ன ஆப்பு அது. தேய்ந்தால் ஒவ்வொரு மிதிக்கும் ‘டக்’கென்று ஒரு ஆட்டம். வெறுமனே சுத்தியலால் அடித்தால் அந்த அடி உள்ளே இருக்கும் பால்ரஸ் மேல்தான் விழும். தரையிலிருந்து கிராங்க் வரை எட்டும் பைப் துண்டு ஒன்றை அடியில் முட்டுக்கொடுத்து, பின்னின் தலை பைப்பின் துளைக்குள் இறங்கும்படி வைக்க வேண்டும். நட்டை முழுதாகக் கழற்றாமல், மரையின் நுனியோடு சமமாக நிறுத்தி, அதன் மேல் ஓங்கி ஓர் அடி. மரையும் சிதையாது, பால்ரஸும் தப்பிக்கும், பின் கீழே நழுவும். அடியைத் தரை வாங்கிக்கொள்கிறது. நியூட்டனின் மூன்றாம் விதி இதைவிடத் தெளிவாகக் கரும்பலகையில் எனக்கு வந்ததில்லை.

எல்லாவற்றுக்கும் இப்படி வழி தேடக் கூடாது. பிரேக் கம்பி பிரிந்தால் கட்டுக்கம்பி சுற்றி ஓட்டுவது, ஃபோர்க்கில் விரிசல் விட்டால் துணி கட்டிச் சமாளிப்பது இரண்டும் தற்கொலைக்குச் சமம். கருவிக்கு மாற்று தேடலாம். பாகத்துக்குத் தேடக் கூடாது. இந்தக் கோட்டைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கவாவது பள்ளி வேண்டும்.

அதிலும் பெண் பிள்ளைகளுக்கு. 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் இந்த மாவட்டத்தின் பெண்களைச் சைக்கிளில் ஏற்றியது. அப்படி ஓட்டியவர்களின் பேத்திகள் இன்று என் வகுப்பில். ஆனால் செயின் லாக் கழன்றால் அண்ணன் வேலை முடிந்து வரும்வரை சைக்கிள் திண்ணையோரம் சாய்ந்து கிடக்கிறது. பிள்ளை பஸ்ஸுக்கு நிற்கிறாள். ஓட்டக் கற்றவளுக்குக் கழற்றி மாட்டக் கற்றுத் தராமல் விட்டோம்.

நான் கேட்பது அதிகமில்லை. சைக்கிளோடு ஒரு மெல்லிய ஸ்பேனர், திருப்பு விசை பாடத்துக்கு மரத்தடியில் ஒரு செய்முறை வகுப்பு. பைப் துண்டையும் கயிற்றையும் பிள்ளைகள் வீட்டிலிருந்து கொண்டுவந்துவிடுவார்கள். சைக்கிள் வாங்க ஒதுக்கும் தொகையில் இந்தச் செலவு கண்ணுக்கே தெரியாது.