தடுப்பூசி வரும், கை நீட்ட ஆளிருக்குமா?

மே 18 என்றதும் ஈழத்தமிழர் நெஞ்சில் எழுவது முள்ளிவாய்க்கால். அதுவே முறை. அதே திகதியை வேறு நாடுகளில் எச்.ஐ.வி. தடுப்பூசி விழிப்புணர்வு நாளாக அனுட்டிக்கிறார்கள். பத்தாண்டுகளுக்குள் தடுப்பூசி கண்டறிவோம் என்று அமெரிக்க ஜனாதிபதி பில் கிளின்டன் 1997 மே 18 அன்று அறிவித்ததே அதற்குக் காரணம். எமது நினைவு நாளில் பங்கு தாருங்கள் என்று நான் கேட்கவில்லை. மிகுதி 364 நாள்களிலும் யாழ்ப்பாணம் ஏன் இதைப்பற்றி வாய் திறப்பதில்லை என்றே கேட்கிறேன்.

கிளின்டன் குறித்த கெடு 2007 இல் முடிந்தது. தடுப்பூசி இன்னும் வரவில்லை. தாய்லாந்தில் 16,000க்கு மேற்பட்டோர் பங்குகொண்ட ஆய்வில் தொற்று 31 வீதமே குறைந்தது என 2009 இல் தெரியவந்தது. அதைப் பின்பற்றித் தென்னாபிரிக்காவில் நடந்த ஆய்வு 2020 இல் பயனின்றி நிறுத்தப்பட்டது. 2023 இல் மற்றொரு பெரிய ஆய்வும் கைவிடப்பட்டது. ஓயாது உருமாறும் கிருமி இது. உடலின் கலங்களுக்குள்ளேயே தன் மரபுக்கூற்றைப் பதித்து ஒளிந்துகொள்கிறது.

ஆயினும் இந்தத் தோல்விகள் வீண் அல்ல. நோயற்ற சாதாரண மனிதர் பல்லாயிரம் பேர் தாமாக முன்வந்து கையை நீட்டியதாலேயே எது பயன்படும், எது பயன்படாது என்று உலகம் அறிந்தது. எமக்கு மிக அண்மையில், சென்னைக் காசநோய் ஆராய்ச்சி நிலையத்தில் 2006 இல் தொடங்கிய தடுப்பூசி ஆய்வில் 32 பேர் அவ்வாறு பங்கேற்றனர்.

அத்தகைய 32 பேரை யாழ். குடாநாட்டில் திரட்ட முடியுமா? இங்கே இரத்தம் சோதிக்கச் செல்பவரே, தெரிந்த முகம் ஏதும் உண்டா என்று நாலு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் படியேற வேண்டியிருக்கிறது. போதனா வைத்தியசாலையில் பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையம் உண்டு. பரிசோதனையும் மருந்தும் இலவசம். தடையாக நிற்பது ஊர்வாய்தான். "எங்கள் பண்பாடு எங்களைக் காக்கும்" என்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: கிருமி பண்பாட்டை விசாரித்துவிட்டு உடலுக்குள் புகுவதில்லை.

வெட்கம் அகன்றால் என்ன நடக்கும் என்பதற்கு எமது நாட்டிலேயே சான்று உண்டு. கர்ப்பிணித் தாய்மாருக்கு இப்பரிசோதனை வழமையான நடைமுறையாயிற்று; எவரும் அவர்களை ஏளனமாகப் பார்க்கவில்லை. தாயிடமிருந்து சேய்க்கு எச்.ஐ.வி. பரவுவதை ஒழித்த நாடென 2019 இல் இலங்கைக்கு உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. தாய்க்குக் காட்டிய அந்த மரியாதையை ஏனையோருக்கும் காட்டினால் என்ன?

லெனகாபவிர் தடுப்பூசி அன்று. ஆறு மாதங்களுக்கு ஒருமுறை ஏற்றும் தடுப்பு மருந்து. தென்னாபிரிக்காவிலும் உகண்டாவிலும் நடந்த ஆய்வில் அதைப் பெற்ற 2,134 இளம்பெண்களில் ஒருவருக்கேனும் தொற்றவில்லை என 2024 இல் அறிந்தோம். 2025 இல் உலக சுகாதார நிறுவனம் அதைப் பரிந்துரைத்தது. இத்தகைய மருந்து எமது வாசலுக்கு வந்தாலும், "எனக்குத் தேவை" என்று வாய்விட்டுக் கேட்க முடியாதவனுக்கு அதனால் என்ன பயன்?

1847 இல் யாழ்ப்பாணம் வந்த மருத்துவர் சாமுவேல் கிறீன், மேலைத்தேய மருத்துவத்தை எமது இளைஞருக்குத் தமிழிலேயே கற்பித்தார். அந்த மண்ணில் இன்று ஒரு நோயின் பெயரைக் குசுகுசுத்தே சொல்கிறோம். ஆசிரியர்களே, ஆலய அறங்காவலர்களே, பத்திரிகை ஆசிரியர்களே, டிசம்பர் முதலாம் திகதிக்காகக் காத்திராமல் நாளைக்கே பேசத் தொடங்குங்கள்.