தோற்றவர் உளர், வென்றவர் இலர்

தொழில் ஒன்று நிகழ்வதற்கு வினை, செய்வது, செயப்படுபொருள், நிலம், காலம், கருவி முதலாக எட்டு முதனிலைகள் வேண்டும் என்று தொல்காப்பியர் வகுத்துரைத்தார். அவற்றுட் சில ஒரோவழிக் குறைந்து வருதலும் உண்டு. ஆயினும், செய்தவன் ஒருவனும் இல்லாமலே ஒரு தொழில் நிகழ்ந்தது என்று ஏட்டில் எழுதிவைக்கும் துணிவு நம் இலக்கணகாரர் எவருக்கும் வந்ததில்லை. அத்துணிவு அமெரிக்க நாட்டுக் கல்லூரி உதைபந்தாட்டத்தின் ஏடு காப்பவர்களுக்கு வந்திருக்கின்றது.

2005 ஆம் ஆண்டு சனவரி மாதம் 4 ஆம் நாள் மயாமி நகர்ப்புறத்தே, பல்லாயிரவர் கண்முன், தென் கலிபோர்ணியப் பல்கலைக்கழகத்து அணியும் ஓக்லகோமாப் பல்கலைக்கழகத்து அணியும் அவ்வாண்டின் முதன்மை குறித்துப் பொருதன. 55 புள்ளிக்கு 19 ஆகத் தென் கலிபோர்ணியா வென்றது. பின்னர், அவ்வணியின் புகழ் வாய்ந்த ஆட்டக்காரரான றெஜி புஷ் என்பார் விதிக்கு மாறாகத் தரகர்களிடம் பொருள் பெற்றார் எனக் கண்டு, தேசியக் கல்லூரி மெய்வல்லுநர் கழகம் 2010 ஆம் ஆண்டிலே தண்டம் விதித்தது. அத்தண்டத்துள் ஒன்று அவ்வெற்றியை ஏட்டினின்றும் நீக்குதல். சரி, வென்றவரிடமிருந்து வெற்றியைப் பறித்தாயிற்று. தோற்றவருக்கு அது சேர்ந்ததோ என்றால் அதுவும் இல்லை. ஓக்லகோமாவின் கணக்கிலே அவ்வாண்டுக்குப் பன்னிரண்டு வெற்றியும் ஒரு தோல்வியும் இன்றும் நிற்கின்றன. அந்த ஒரு தோல்வி யாரிடம் நேர்ந்தது? நிலம் உண்டு, காலம் உண்டு, கருவியாகிய பந்தும் உண்டு, தோற்றவர் உளர், வென்றவர் இலர்!

உதைபந்தாட்டம் என்று பெயர் பூண்டிருப்பினும், அந்நாட்டு ஆட்டத்திலே காலினும் கையே மிகுதியாகத் தொழிற்படும் என்பதை நம்மவர் பலர் அறிவர். 1869 ஆம் ஆண்டு நவம்பர் 6 ஆம் நாள் நியூ பிறன்ஸ்விக் என்னும் ஊரிலே றட்கேர்ஸ் கல்லூரியும் பிரின்ஸ்டன் கல்லூரியும் பக்கத்துக்கு இருபத்தைவராக நின்று ஆடிய ஆட்டமே அதன் முதலாட்டம் எனக் கொள்ளப்படுகின்றது. அன்று றட்கேர்ஸ் 6-4 என வென்றது. ஒரு கிழமை கழித்துப் பிரின்ஸ்டன் 8-0 என ஈடு செய்தது. அன்று ஆடிய முறை நாம் இன்று ஆடும் உதைபந்தாட்டத்துக்கே அணித்து. ஆட்டம் அடையாளம் தெரியாதபடி மாறிவிட்டது, கணக்கு மாறவில்லை. நூற்றைம்பது ஆண்டுக்கு மேலாக, ஒவ்வோர் ஆட்டத்தின் நாளும் இடமும் புள்ளியும் வரிசையாக எழுதப்பட்டு வருகின்றன. போர்கள் பலவற்றுக்கு நாளும் இடமும் தெரியாது இடர்ப்படும் நம் போன்றோருக்கு, இளைஞர் விளையாட்டுக்கு இத்துணைக் கணக்கா என்று பொறாமையே உண்டாகின்றது.

அக்கணக்கின் சிறப்பு, தோல்வியையும் அது விடாது காத்தலிலே உள்ளது. 1916 ஆம் ஆண்டு அக்தோபர் 7 ஆம் நாள் அற்லாண்டாவிலே ஜோர்ஜியாத் தொழில்நுட்பக் கல்லூரி கம்பர்லாண்ட் கல்லூரியை 222-0 என வென்றது. கம்பர்லாண்ட் தன் அணியை முன்னரே கலைத்துவிட்டிருந்தது. ஆயினும் ஆடாதுவிட்டால் ஒப்பந்தப்படி 3000 டொலர் இறுக்க வேண்டும் என்ற நெருக்கடி. எனவே அகப்பட்ட மாணவரைத் திரட்டிக்கொண்டு போய் நின்றார்கள். அவர்களை இரக்கமின்றி அடித்த அணியின் பயிற்றுநர் ஜோன் ஹைஸ்மன். இன்று சிறந்த ஆட்டக்காரருக்கு ஆண்டுதோறும் வழங்கப்படும் விருது அவர் பெயராலேயே விளங்குகின்றது என்பது வேறு கதை. இருநூற்றிருபத்திரண்டுக்குச் சுழி! எந்தக் கல்லூரிதான் இதனை மறைத்துவிட விரும்பாது? ஆயினும் அது நிற்கின்றது. நிற்பதனாலேதான், காசுக்கு அஞ்சி மாணவரைக் களத்துக்கு அனுப்பிய கதையும் நமக்குக் கிடைத்திருக்கின்றது. எண்ணை அழித்திருந்தால் கதையும் உடன் அழிந்திருக்கும்.

ஏட்டைத் திருத்தவே கூடாது என்பது என் கட்சியன்று. திருத்தத்துக்கும் அழிப்புக்கும் உள்ள வேறுபாட்டை அதே நாட்டு வரலாறே நமக்குக் காட்டித் தருகின்றது.

அவ்வாட்டத்திலே பந்தைப் பத்து யார் தூரம் முன்னேற்றுவதற்கு ஓர் அணிக்கு நான்கு முயற்சிகளே உரியன. 1940 ஆம் ஆண்டு நவம்பர் 16 ஆம் நாள் டார்ட்மத் கல்லூரிக் களத்திலே, நெடுங்காலம் தோல்வியறியாத கோர்ணெல் பல்கலைக்கழகத்து அணி, ஆட்டம் முடியுந் தறுவாயில் 7-3 என வென்றது. நடுவர் எண்ணிக்கையில் வழுவி ஐந்தாவது முயற்சியொன்றை அளித்துவிட்டார். வெற்றி அம்முயற்சியிலே வந்தது. ஆட்டத்தைப் பதிந்த படச்சுருளைப் பார்த்தபோது உண்மை தெரிந்தது. நடுவரும் தம் பிழையை ஒப்புக்கொண்டார். கோர்ணெல் அணியினர் யாது செய்தனர்? வெற்றி எமக்கு வேண்டாம், அது உமக்கே உரியது என்று டார்ட்மத்துக்குத் தந்தி அனுப்பினர். 3-0 என டார்ட்மத் வென்றதாக ஏட்டில் ஏறியது. மேலிருந்து எவரும் அவர்களை வற்புறுத்தவில்லை. வற்புறுத்தும் விதியும் அன்று இருக்கவில்லை.

டார்ட்மத் என்னும் பெயர் யாழ்ப்பாணத்தாருக்கு அயற்பெயரன்று. 1823 ஆம் ஆண்டிலே வட்டுக்கோட்டைச் செமினறி தொடங்கியபோது அதன் முதல் அதிபராய் அமர்ந்த டானியேல் பூவர் ஐயர், அக்கல்லூரியில் 1811 ஆம் ஆண்டிலே பட்டம் பெற்றவர். அவர் காலத்தில் அங்கே இவ்வாட்டம் இல்லை; ஆயினும் நம்மூர்க் கல்வி வரலாற்றிலே இடம் பெற்ற ஒரு கல்லூரிக்கு உரிய நீதி கிடைத்தது என்று படிக்கும்போது நமக்கும் ஒரு சிறு மகிழ்ச்சி.

இதற்கு ஐம்பது ஆண்டு கழித்து, 1990 ஆம் ஆண்டு அக்தோபர் 6 ஆம் நாள், மிசூரிப் பல்கலைக்கழகக் களத்திலே கொலராடோ அணி அவ்வாறே ஐந்தாவது முயற்சியொன்றைப் பெற்று 33-31 என வென்றது. தந்தி போகவில்லை. கொலராடோ வெற்றியை வைத்துக்கொண்டது. அவ்வாண்டின் முதலிடத்திலும் பங்கு பெற்றது. இரண்டு நிகழ்ச்சியும் ஏட்டிலே அருகருகே வைத்துப் படிக்கத்தக்கனவாய்க் கிடக்கின்றன. எந்த நீதிநூலும் சொல்லாத அளவுக்கு அவ்விரண்டு வரிகளும் மாணவனுக்குச் சொல்லும். அவற்றுள் ஒன்றை யாரேனும் துடைத்துவிட்டால் மற்றதற்கும் பொருள் குறைந்துவிடும்.

கோர்ணெல் செய்தது திருத்தம். அங்கே இழந்தவன் ஒருவன் இருந்தான்; அவனுக்கு உரியது அவனிடம் சேர்ந்தது. தென் கலிபோர்ணியாவுக்குச் செய்யப்பட்டது அழிப்பு. அங்கே பறிக்கப்பட்டது; எவருக்கும் கொடுக்கப்படவில்லை.

இனிச் சொல்லப்போவது நெஞ்சை வருத்தும் செய்தி. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் முன்னாள் துணைப் பயிற்றுநர் ஒருவர் சிறுவர்கள்மீது ஆண்டுக்கணக்காகப் பாலியல் கொடுமை இழைத்தார் என 2012 ஆம் ஆண்டு யூன் மாதத்திலே நீதிமன்றம் நாற்பத்தைந்து குற்றங்களிற் குற்றவாளியாகக் கண்டது. பல்கலைக்கழகத்தின் பெரியோர், தலைமைப் பயிற்றுநர் யோ பற்றேணோ உட்பட, அவப்பெயருக்கு அஞ்சி அதனை மறைத்தனர் என்று பல்கலைக்கழகமே அமர்த்திய விசாரணையாளரின் அறிக்கை கூறியது. பற்றேணோ குடும்பத்தார் அதனை மறுத்தனர். யூலை மாதத்திலே கழகம் தண்டம் அறிவித்தது. ஆறு கோடி டொலர் இறுக்குமாறும் அதனைச் சிறுவர் பாதுகாப்புக்குச் செலவிடுமாறும் பணித்தது. தக்க தண்டம், அதனை எவரும் குறை கூறார். அத்துடன் நில்லாது, 1998 முதல் 2011 வரை அவ்வணி பெற்ற 112 வெற்றிகளையும் நீக்கியது. 409 வெற்றிக்கு உரியவராயிருந்த பற்றேணோ ஒரே நாளில் 298 வெற்றிக்கு உரியவரானார். அப்போது அவர் உயிரோடும் இல்லை. 2015 ஆம் ஆண்டு சனவரியில் வழக்கொன்று இணக்கமாய் முடிந்தபோது 112 வெற்றிகளும் மீண்டும் ஏடேறின; 298 மறுபடி 409 ஆயிற்று.

எண் இறங்கியபோது அச்சிறுவருள் ஒருவருக்கேனும் துயர் தணிந்ததா? ஏறியபோது ஒருவருக்கேனும் நீதி குறைந்ததா? அவர்களுடைய துன்பத்தை ஆட்டக் கணக்கிலே எழுதியும் அழித்தும் காட்டியது, அத்துன்பத்தை ஆட்டத்தோடு ஒப்பிட்டதாக முடிந்ததேயன்றி வேறில்லை. வெற்றி திரும்பியபோது மகிழ்ந்து ஆரவாரித்தவரும் இருந்தனர் என்றால், அதற்கு வழி திறந்துவிட்டவர் யார்?

இன்னொன்றையும் எண்ணிப் பார்க்கவேண்டும். அவ்வறிக்கை கூறுவது மெய்யாயின், பெரியோரின் வாயை அடைத்தது யாது? அந்த அணியின் பெரும் பெயரும், அப்பெயரை ஈட்டித் தந்த வெற்றி வரிசையுமே அல்லவோ? குற்றத்துக்குக் காரணமாய் நின்ற பொருளைக் குற்றப் பத்திரத்திலிருந்தே கிழித்தெறிவது எவ்வகை நீதி? நாளை அவ்வேட்டைப் புரட்டும் ஒருவன் பதினான்கு ஆண்டுகள் வெறுமையாகக் கிடக்கக் கண்டால், வெற்றியில்லாத ஓர் அணியைக் காக்க இத்தனை பேர் ஏன் மௌனித்தனர் என்று மயங்குவானேயன்றித் தெளியான். வெற்றிகள் அங்கே நிற்கட்டும். அவற்றின் பக்கத்திலே, அவற்றுக்குக் கொடுக்கப்பட்ட விலையும் எழுதப்படட்டும்.

வெற்றியையும் தீர்ப்பையும் பக்கத்திற் பக்கமாக வைப்பது தமிழ்ப் புலவருக்குப் புதியதன்று. வெண்ணிப் போரிலே கரிகாலன் வென்றான். புறப்புண்ணுக்கு நாணிச் சேரமான் வடக்கிருந்தான். வெண்ணிக்குயத்தியார் வென்றவனையே முன்னிலைப்படுத்திப் பாடினார்; அவன் வெற்றியை மறுத்தாரல்லர்; அவனினும் தோற்றவன் நல்லனல்லனோ என்று கேட்டார். வெற்றி கரிகாலனுடையதாகவே நிற்க, தீர்ப்பு வேறொருவன் பக்கம் போயிற்று. புறநானூறு நமக்கு வரலாறாகவும் அறமாகவும் ஒருங்கே பயன்படுவது இதனாலேதான்.

ஆசிரியராயுள்ளோர் உள்ளத்தை நேரே தைக்கும் செய்தி நொட்ர டேம் பல்கலைக்கழகத்தினது. அங்கே மாணவ உதவியாளர் ஒருவர் ஆட்டக்காரர் சிலருக்குப் பாடவேலையைச் செய்து கொடுத்தார். பல்கலைக்கழகம் தானே அதனைக் கண்டு விசாரித்தது. 2016 ஆம் ஆண்டிலே கழகம், 2012, 2013 ஆம் ஆண்டுகளுக்குரிய இருபத்தொரு வெற்றிகளை நீக்கியது. மேன்முறையீடும் 2018 இல் தள்ளப்பட்டது. 2012 ஆம் பருவத்திலே அவ்வணி பன்னிரண்டு ஆட்டமும் வென்று, இறுதியில் அலபாமாவிடம் 42-14 எனத் தோற்றிருந்தது. வெற்றிகள் போயின, தோல்வி போகவில்லை. ஆகவே கழகத்தின் கணக்குப்படி அவ்வணி அப்பருவத்திலே ஒன்றுமே வெல்லாது ஒன்றில் மட்டும் தோற்ற அணி! எதையும் வெல்லாத அணி நாட்டின் முதன்மைப் போட்டிக்கு எவ்வாறு போய்ச் சேர்ந்தது என்று வகுப்பிலே ஒரு பையன் கேட்டால், நான் என்ன விடை கூறுவேன்?

மற்றொருவன் எழுதித் தந்ததைத் தன்னதாகக் காட்டும் மாணவனை நான் பொறுப்பவனல்லன். அவன் பெற்ற புள்ளியைக் குறைக்கலாம், அவனை அடுத்த ஆட்டத்துக்கு அனுப்பாது நிறுத்தலாம், பெற்றோரை அழைக்கலாம். அவனுடன் ஓடி வியர்த்த, வஞ்சம் அறியாத பத்துப் பேரின் ஆட்டத்தையும் நிகழவேயில்லை என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. பொய் எழுதியதற்குத் தண்டமாக, ஏட்டிலே நாமும் ஒரு பொய் எழுதுவதா?

வெற்றியை விட்டுவைத்தால் வஞ்சகனுக்குப் பரிசளித்ததாகாதா என்பர் சிலர். பரிசை வாங்குங்கள். கிண்ணத்தை வாங்குங்கள், பொருளை வாங்குங்கள், பட்டத்தை வாங்குங்கள். இவை கொடுக்கப்பட்டவை, ஆகையால் திருப்பி வாங்கத்தக்கவை. நிகழ்ச்சி எவராலும் கொடுக்கப்பட்டதன்று. முன்னர்ச் சொன்ன றெஜி புஷ் தம் ஹைஸ்மன் விருதை 2010 இல் திருப்பிக் கொடுத்தார். 2021 ஆம் ஆண்டிலே, மாணவ ஆட்டக்காரர் தம் பெயராற் பொருளீட்டலாம் என்று விதி தளர்ந்தது. 2024 ஆம் ஆண்டு ஏப்பிரிலில் விருது அவரிடமே மீண்டது. விருது போயும் வரலாம். விதி இறுகியும் நெகிழலாம். விதி மாறுந்தோறும் நேற்று நடந்த ஆட்டமும் மாறுமாயின் அதற்கு வரலாறு என்று ஏன் பெயர்?

நம் கல்லூரிகள் பல நூற்றாண்டு கண்டவை. சில நூற்றைம்பதும் கண்டுவிட்டன. விழாவுக்கு விழா மலர் வெளிவருகின்றது. அம்மலர்களிலே விளையாட்டுப் பகுதியைப் புரட்டுந்தோறும் எனக்கு ஓர் ஐயம் தோன்றும். நம்மவர் எப்போதும் வென்றுகொண்டே இருந்தனரா? இரு கல்லூரியின் மலரையும் ஒருங்கே வைத்துப் பார்த்தால், இருவருமே ஒருவரையொருவர் வென்றுகொண்டிருந்ததாகத் தோன்றும்! அமெரிக்கர் கழகம் கூடி ஆணையிட்டு நீக்குவதை நாம் ஆணையின்றியே, அச்சுப்பிரதி திருத்தும் மேசையிலே செய்து முடிக்கின்றோம். 

மலர் தொகுக்கும் ஆசிரியன்மார்க்கு என் வேண்டுகோள் சிறியது. ஆண்டு, நாள், களம், எதிரணி, இரு பக்கத்துப் புள்ளி என்னும் ஐந்தும் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் அச்சேறட்டும். தகுதியில்லாத ஒருவனை ஆடவிட்டோமாயின் அடியிலே சிறிய எழுத்தில் அதுவும் அச்சேறட்டும். போர்க்காலத்திலே களம் மூடிக் கிடந்த ஆண்டுகளுக்கு ஆட்டமில்லை என்றே எழுதுக. இடப்பெயர்விலே பதிவேடு தொலைந்துபோன ஆண்டுகளுக்கு ஏடு கிடைத்திலது என்று எழுதுக. அன்று ஆடியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கின்றனர், அவர்களைக் கேட்டு நிரப்பலாம்.