தைத்த தொப்பிக்குத் தலைகுனிவா?



போன மாதம் விளையாட்டு விழா அணிவகுப்புக்கு எல்லோரும் நீலத் தொப்பி போட்டு வரணும் என்று முடிவானது. கடையில் விலை 120 ரூபாய். என் தோழி ஒருத்தி அன்றைக்கு லீவு. காய்ச்சல் என்று சொன்னாள். காய்ச்சல் எல்லாம் இல்லை, வீட்டில் சனிக்கிழமை சம்பளம் வர இன்னும் மூணு நாள் இருந்தது, அவ்வளவுதான். (அவளைக் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.)

நான் போட்டு வந்தது எங்க அம்மிச்சி தைத்த தொப்பி. அப்பாவின் பழைய நீல டி-ஷர்ட்டும், அண்ணனுக்குச் சின்னதாகிப் போன ஜீன்ஸும்தான் அது. நூலோடு சேர்த்துச் செலவு 10 ரூபாய். அணிவகுப்பு முடிந்ததும் பின்னாலிருந்து ஒருத்தன், "ஏய், வேஸ்ட் துணித் தொப்பி!" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் அதைக் கழற்றிப் பைக்குள் வைத்துவிட்டேன். அவன் சொன்னதுக்கு இல்லை, கழற்றி வைத்ததுக்குத்தான் இப்போது வெட்கப்படுகிறேன்.

நண்பர்களே, நம்ம ஊர் என்ன ஊர்? உலகத்துக்கே பனியன் தைத்து அனுப்புகிற ஊர். நம்மில் பாதிப்பேர் வீட்டில் அம்மாவோ அப்பாவோ கட்டிங், டெய்லர், செக்கிங், அயர்னிங் என்று ஏதாவது ஒரு வேலைக்குப் போகிறார்கள். காதர்பேட்டையில் எக்ஸ்போர்ட்டில் மிஞ்சினதையும் செகண்ட்ஸையும் வாங்க வெளியூர் வியாபாரிகள் வந்து மூட்டை மூட்டையாகக் கட்டிப் போகிறார்கள். கம்பெனியில் விழும் கட்டிங் வேஸ்ட் கூடக் குப்பைக்குப் போவதில்லை. கிலோ கணக்கில் விற்கிறார்கள். (அதனால் அதைக் கேட்காமல் எடுத்து வருவது தப்பு.) மெஷின் துடைக்க ஒரு பங்கு போகிறது. இன்னொரு பங்கை மில்லில் பஞ்சாகக் கிழித்து மறுபடி நூலாக நூற்கிறார்கள். கம்பெனி பழசைப் புதுசாக்கினால் அது தொழில், நாம செய்தால் மட்டும் கேவலமா?

ஒரு காட்டன் டி-ஷர்ட் உருவாக, பருத்தி விளைவதிலிருந்து கணக்குப் போட்டால், சுமார் 2,700 லிட்டர் தண்ணீர் ஆகும் என்று சொல்கிறார்கள். தண்ணீரின் அருமையை நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. சாயக் கழிவால் நொய்யல் கெட்டதும், 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர்நீதிமன்றம் உத்தரவு போட்டதும் நம்ம ஊர்க் கதை. இவ்வளவு தண்ணீர் குடித்த துணியை நாலு தடவை போட்டுவிட்டுத் தூக்கிப் போடலாமா?

இதை வீட்டில் சொன்னபோது அப்பா, "எல்லோரும் பழசையே தைச்சுப் போட்டா கம்பெனி எப்படி ஓடும் கண்ணு?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். நான் புதுசே வாங்க வேண்டாம் என்று சொல்லவில்லை. தீபாவளிக்கு எனக்கும் புதுத்துணி வேணும்! வாங்க முடியாத நாளில் ஒருத்தர் பள்ளிக்கூடத்துக்கே வராமல் இருக்கக் கூடாது என்றுதான் சொல்கிறேன். ஏழைகளுக்குப் போதிய துணி இல்லை என்று 1921 செப்டம்பர் 22-ல் மதுரையில் தன் உடையையே குறைத்துக்கொண்டார் காந்தியடிகள். அதை நாம் பரீட்சையில் எழுதி மார்க் வாங்குகிறோம். பக்கத்தில் இருப்பவர் தைத்துப் போட்டு வந்தால் சிரிக்கிறோம்.

தொப்பி தைப்பது கஷ்டமே இல்லை. தலையைச் சுற்றி டேப் வைத்து அளந்தால் எனக்கு 56 செ.மீ. அதை 22/7-ஆல் வகுத்தால் மேல் வட்டத்தின் விட்டம் கிட்டத்தட்ட 18 செ.மீ. (கணக்குப் பாடம் இதுக்கும் உதவுது சார்!) சுற்றுப் பட்டை 9 செ.மீ. உயரம். வெயில் மறைக்கும் விளிம்பு 6 செ.மீ. அகலம். தையலுக்கு எல்லாப் பக்கமும் 1 செ.மீ. விட்டு வெட்டணும். பனியன் துணி துவண்டு போகும், அதனால் விளிம்புக்கு உள்ளே ஜீன்ஸ் துணி வைக்கணும். மெஷின் இல்லாவிட்டால் கையால் தைத்தாலும் ஒரே சாயங்காலத்தில் முடிந்துவிடும்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த விழாவுக்கு "கடையில் வாங்கி வா" என்று சொல்லாமல், ஒரு வாரம் முன்னால் கைவேலை வகுப்பில் எல்லோரும் சேர்ந்து தைக்க அனுமதி தாருங்கள். சின்னதாகிப் போன துணிகளைப் போட வகுப்புக்கு ஒரு பெட்டி வைத்தால் போதும். யார் வீட்டில் காசு இருக்கு, யார் வீட்டில் இல்லை என்று தொப்பியைப் பார்த்து யாரும் கண்டுபிடிக்க முடியாது.

என் நீலத் தொப்பி பைக்குள்ளிருந்து வெளியே வந்தாச்சு. இனிமேல் வெயில் நேரத்தில் தினமும் என் தலையில்தான் இருக்கும். அன்றைக்குக் கேலி செய்தவனுக்கும் ஒன்று தைத்துத் தரத் தயார். தலை அளவை மட்டும் சொல்லட்டும்.

– 9ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி