வலிக்கும் சான்றிதழ் வேண்டுமாம்

"கல்யாணம் ஆனா எல்லாம் சரியாயிடும்." மாதாமாதம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுக்கும் பெண்ணுக்கு நம் வீடுகளில் தரும் முதல் மருந்து இது. இரண்டாவது, "ஒரு பிள்ளை பெத்தா போயிடும்." மூன்றாவது, "கர்ப்பப்பையை எடுத்துடலாம்." இந்த மூன்றையும் சொல்பவர்களில் பலர் நம் வயதுக்காரர்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நோயின் பெயர் எண்டோமெட்ரியோசிஸ். கருப்பையின் உட்புறச் சவ்வைப் போன்ற திசு, வெளியே சினைப்பையிலும் குடலிலும் மூத்திரப்பையிலும் ஒட்டி வளர்கிறது. புண்ணாகி, தழும்பாகி, உறுப்புகளை ஒன்றோடொன்று ஒட்டவைக்கிறது. 'சாக்லேட் சிஸ்ட்' என்பதும் இதன் ஒரு வடிவமே. பிள்ளை பெறும் வயதுப் பெண்களில் சுமார் பத்தில் ஒருவருக்கு, உலகில் ஏறத்தாழ 19 கோடிப் பேருக்கு இது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. கல்யாணம் இதற்கு வைத்தியம் அல்ல. கருப்பையை எடுத்தாலும், வெளியே ஒட்டியது தங்கினால் வலியும் தங்கலாம்.

1980களில் எங்கள் பிரிவில் ஒரு டைப்பிஸ்ட் அம்மா இருந்தார். மாதம் இரண்டு நாள் வரமாட்டார். தற்செயல் விடுப்பு தீர்ந்ததும் மருத்துவச் சான்றிதழ் கேட்டார்கள். டாக்டரோ, "நோய் ஒன்றுமில்லை" என்றார். சான்றிதழ் இல்லாத சம்பளமில்லா விடுப்பு ஆண்டு ஊதிய உயர்வுக்குக் கணக்கில் வராது. உயர்வு தள்ளிப்போனது. நாற்பது வயதுக்கு மேல் வேறு எதற்கோ வயிற்றைத் திறந்தபோதுதான் நோய் தெரிந்தது. பெயரில்லாத நோய்க்குச் சான்றிதழ் கிடையாது; சான்றிதழ் இல்லாத வலிக்கு விடுப்பு கிடையாது. இதுதான் நம் கோப்புகளின் நியாயம்.

பிரெஞ்சுப் பள்ளியில் படித்த பழக்கத்தில் அந்த நாட்டுச் செய்திகளை இன்றும் வாசிக்கிறேன். அங்கேயும் நோயைக் கண்டுபிடிக்கச் சராசரி ஏழு வருடம் ஆகிறதாம். ஆனால் அவர்கள் சும்மா இருக்கவில்லை. 2022 ஜனவரியில் அதிபர் மக்ரோன் இந்த நோய்க்கென்றே தேசியத் திட்டம் அறிவித்தார். அதே வாரம் நாடாளுமன்றம், இதை நீண்டகால நோய்ப் பட்டியலில் சேர்க்கக் கோரும் தீர்மானத்தை ஒருமனதாக நிறைவேற்றியது.

நம் ஊரில்? 2023இல் புதுச்சேரி அரசு, பெண் ஊழியர்கள் வெள்ளிக்கிழமை பூஜை செய்ய இரண்டு மணி நேரம் சலுகை தந்தது. பூஜைக்கு நேரம் கொடுக்கத் தெரிந்தவர்களுக்கு வலிக்கு நேரம் கொடுக்கத் தெரியாதா? பீகார் அரசு 1992லேயே தன் பெண் ஊழியர்களுக்கு மாதம் இரண்டு நாள் விடுப்பு கொடுத்துவிட்டது.

"விடுப்பு கொடுத்தால் பெண்களை வேலைக்கே எடுக்க மாட்டார்கள்" என்பார்கள். 2024இல் உச்ச நீதிமன்றமும் இந்தக் கவலையைச் சொன்னது. கவலை நியாயமானதே. ஆனால் நான் கேட்பது எல்லாப் பெண்களுக்கும் பொதுவான விடுப்பு அல்ல. நோயாளிக்கு நோய் விடுப்பு. காசநோய்க்காரருக்கு விடுப்பு கொடுத்தால் ஆள் எடுப்பது நின்றுவிடுகிறதா?

அரசு மருத்துவமனையில் வாரம் ஒரு நாள் இதற்கென்று புறநோயாளிப் பிரிவு வையுங்கள். ஸ்கேன் எடுப்பவருக்கு இந்த நோயைப் பார்க்கப் பயிற்சி கொடுங்கள். சாதாரண ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை என்பதால் நோயே இல்லை என்று எழுதி அனுப்பாதீர்கள்.

நம் பங்குக்கு: மாத்திரை போட்டும் அடங்காத வலியால் பேத்தி மாதாமாதம் பள்ளிக்கோ கல்லூரிக்கோ மட்டம் போட்டால், வரன் பார்ப்பதை நிறுத்திவிட்டு முதலில் டாக்டரைப் பாருங்கள். அவர் "ஒன்றுமில்லை" என்றால், இன்னொருவரைப் பாருங்கள்.