மஞ்சள் எலியின் பசி

சுண்டெலி என்ன கலர் என்று கேட்டால், 'எலி கலர்தான்' என்பீர்கள். அதன் முடி ஒன்றை லென்ஸில் பார்த்தால் நுனி கறுப்பு, அதையடுத்துக் கொஞ்சம் மஞ்சள், அடியில் மறுபடி கறுப்பு. தள்ளி நின்று பார்க்கும்போது எல்லாம் கலந்து மண் நிறம். பூனைக்குச் சட்டென்று தெரியாது.

இந்த மஞ்சள் பட்டை எப்படி வருகிறது? மயிர்க்காலில் நிறமி தயாரிக்கும் செல்கள் உண்டு. அவற்றின் மேல் பூட்டு மாதிரி ஒரு சமாசாரம். ஒரு ஹார்மோன் சாவியாக வந்து அதைத் திறந்தால் கறுப்பு நிறமி. முடி வளரும்போது நடுவில் சில நாள் மட்டும் மயிர்க்காலின் அடியிலிருந்து 'அகூட்டி' என்ற புரதம் கிளம்பி வந்து பூட்டை அடைத்துக்கொள்ளும். உடனே மஞ்சள். அகூட்டி நின்றால் மறுபடி கறுப்பு.

சில எலிகளுக்கு அகூட்டி நிற்பதே இல்லை. உடம்பெங்கும் எந்நேரமும் சுரக்கும். எலி முழுக்க மஞ்சள். கூடவே குண்டு! முடிக்கும் தொப்பைக்கும் என்னய்யா சம்பந்தம்?

மூளையிலும் கிட்டத்தட்ட அதே மாதிரிப் பூட்டு இருக்கிறது. அதே சாவிதான். அங்கே திறந்தால் 'போதும், எழுந்திரு' என்று அர்த்தம். அகூட்டி அதையும் அடைத்துவிடுகிறது. 1997-ல் மூளைப் பூட்டை மட்டும் எலியில் நீக்கிப் பார்த்தார்கள். முடி நிறம் மாறவில்லை. எலி தின்று தின்று பெருத்தது.

மனிதர்களிலும் உண்டு. அந்தச் சாவியே உடம்பில் தயாராகாத இரண்டு குழந்தைகளைப் பற்றி 1998-ல் ஜெர்மன் டாக்டர்கள் எழுதினார்கள். இருவருக்கும் செம்பட்டை முடி, சின்ன வயசிலேயே அபார பருமன். இப்படிப்பட்டவர்களுக்காக 'செட்மெலனோடைட்' என்ற ஊசி மருந்தை அமெரிக்கா 2020-ல் அனுமதித்தது. போலிச் சாவி. பசி அடங்குகிறது. பக்கவிளைவு என்ன தெரியுமா? தோல் கறுக்கிறது. சாவி இரண்டு பூட்டிலும் நுழைகிறதே!

இது ரொம்ப அபூர்வமான குறை. என் தொப்பைக்கு அகூட்டி பொறுப்பல்ல, அல்வாதான். ஆனாலும் கல்யாணப் பந்தியில் ஒரு குண்டுப் பையன் இன்னொரு கரண்டி சாதம் கேட்டால், 'வாயைக் கட்டுடா' என்று நாலு பேர் சிரிக்க நான் சொல்வதில்லை. அவனுக்குப் 'போதும்' என்ற சேதி போய்ச் சேர்கிறதா என்று வெளியிலிருந்து யாரால் சொல்ல முடியும்?