ஹாம் என்றால் பன்றிக்கறிதான்

ஹாம் என்றால் பன்றித் தொடை. உப்பில் ஊறவைத்து, பெரும்பாலும் புகையிலும் வாட்டிய பன்றித் தொடை. வேறொன்றுமில்லை. நட்சத்திர ஓட்டலில் 'ஹாம்' என்று கேட்டு வாங்கித் தின்கிற வாய்தான், சேரியில் கொதிக்கிற சட்டியைப் பார்த்து 'பன்னிக்கறியா, சீ' என்கிறது. விலங்கு ஒன்றுதான். தின்கிறவன் யார் என்பதில் இருக்கிறது தீட்டு.

அமெரிக்காவில் அயோவா, பென்சில்வேனியா பக்கத்து வீடுகளில் ஹாம் உருண்டை செய்கிறார்கள். அரைக் கிலோ ஹாம், அரைக் கிலோ பச்சைப் பன்றிக்கறி இரண்டையும் கொத்தி, ஒரு கப் உப்பு பிஸ்கட் தூள், இரண்டு முட்டை, அரைக் கப் பால் சேர்த்துப் பிசைந்து உருட்டுகிறார்கள். உப்பு வேண்டாம், ஹாமிலேயே இருக்கு. பழுப்புச் சர்க்கரை ஒரு கப், வினிகர் அரைக் கப், கடுகுத்தூள் ஒரு கரண்டி கலந்து மேலே ஊற்றி, 180 டிகிரி சூட்டில் ஒரு மணி நேரம். சர்க்கரைக்குப் பதில் வெல்லம் போட்டாலும் கெட்டுப்போகாது. விருந்தில் மிஞ்சிய துண்டு துணுக்கை வீணாக்காத சிக்கனச் சமையல் இது. அங்கே இது சர்ச் விருந்துக்குப் போகிறது. பாட்டி எழுதிவைத்த குறிப்பைப் பேத்தி பத்திரப்படுத்துகிறாள்.

நம் பாட்டிகளுக்கு இல்லாத கைப்பக்குவமா? கொழுப்பை உருக்கி அதிலேயே கறியை வதக்கியவர்கள், குடலையும் ரத்தத்தையும் வீணாக்காதவர்கள் அவர்கள். எழுதியது யார்? மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' 1951இல் வந்தது. பார்ப்பன வீட்டுச் சைவச் சமையல் தமிழ்ச் சமையலாக அச்சேறி அரை நூற்றாண்டு தாண்டியாச்சு. மராத்தியில் ஷாஹு பாடோளே, தலித் சமையலைத் தனி நூலாக்கியது 2015இல். நம் அடுக்களை எத்தனை பக்கம் ஏறியிருக்கு?

உடனே சுத்தம் பேச வருவார்கள். 'பன்றி மலம் தின்கிறது, மூளையில் புழு வரும்.' சரி, யாருடைய மலம்? கக்கூஸ் கட்டித் தராத ஊரின் மலம். வேகாத பன்றிக்கறி தின்றால் குடலில் நாடாப்புழு வரும், உண்மைதான். அதனால்தான் உருண்டை உள்ளேவரை வேகணும். மூளைக்குப் போவதோ, புழு உள்ள மனிதரின் மலத்திலிருந்து தண்ணீரிலும் கீரையிலும் கையிலும் ஒட்டி வருகிற முட்டை. கறியே தொடாத சைவருக்கும் அது வரும். குற்றம் கழிப்பிடத்தில் இருக்க, பழி சட்டியின் மேல்.

2022 மே மாதம் ஆம்பூர் பிரியாணித் திருவிழாவில் மாட்டுக்கறிக்கு இடமில்லை என்று அரசு நிர்வாகமே முடிவெடுத்தது. எதிர்ப்பு எழுந்தது, திருவிழா தள்ளிப்போனது. மாட்டுக்கறிக்காவது குரல் கொடுக்க ஆள் இருந்தது. பன்றிக்கறிக்கு?

தோழர்களே, நமக்குள்ளும் கேட்டுக்கொள்வோம். மாட்டுக்கறி தின்கிற நம்மிலேயே, பன்றி வளர்க்கிறவரை ஒரு படி கீழே வைக்கிறவர்கள் இல்லையா? மேடையில் கறி தின்பதைக் கலகம் என்கிறோம். விடுதியில் 'என்ன கறிடா?' என்று கேட்டால் 'மட்டன்' என்று பொய் சொல்லிவிட்டு மூலையில் திரும்பி உட்கார்ந்து தின்கிற பிள்ளைக்கு அந்த மேடையால் என்ன லாபம்? அவனுக்குத் தேவை, தன் சோற்றின் பேரை உரக்கச் சொல்கிற தைரியம். அம்மாக்களிடம் அளவு கேட்டு எழுதுங்கள். ஹாம் என்று அல்ல, பன்றிக்கறி என்றே தலைப்புப் போடுங்கள்.