முதல் இரண்டு வருடம் திருச்சியில்

பி.எஸ்சி. நர்சிங் நான்கு வருடமும் முடிந்து, கவுன்சில் பதிவும் கைக்கு வந்துவிட்டது. கேம்பஸ் இன்டர்வியூவில் சென்னையோ பெங்களூரோ அழைக்கிறது. ஸ்ரீரங்கத்திலோ உறையூரிலோ வீடுள்ள பெண் (பையன்களும்தான்) கிளம்புவதா, உள்ளூரில் சேர்வதா? 'கிளம்பு' என்பதே இப்போது பலரும் சொல்லும் யோசனை. எனக்கு அதில் உடன்பாடில்லை. முதல் இரண்டு வருடத்தைத் திருச்சியிலேயே ஒரு பெரிய மருத்துவமனையின் வார்டில் கழிப்பதுதான் தொழிலுக்கு நல்லது என்பேன்.

அமெரிக்க நர்சிங் பேராசிரியர் பட்ரிஷியா பென்னர் 1984-இல் வெளியிட்ட நூல் நர்சிங் கல்லூரிகளுக்குப் பழக்கமானது. புதிதாக வந்தவர் தானாக முடிவெடுக்கும் தேர்ச்சியை எட்ட, ஒரே மாதிரியான சூழலில் இரண்டு மூன்று வருடம் வேலை பார்த்திருக்க வேண்டும் என்கிறார் அவர். அதற்குப் பத்து வருடம் முன்பே, கல்லூரியில் கற்றதற்கும் வார்டில் காண்பதற்கும் உள்ள தூரம் புதியவர்களை எப்படிக் குலைக்கிறது என்று மார்லீன் கிரேமர் விரிவாக எழுதிவிட்டார். இந்த அதிர்ச்சியோடு புது ஊர், புது மொழி, மெஸ் சாப்பாடு எல்லாவற்றையும் ஒன்றாகத் தலையில் ஏற்றிக்கொள்வானேன்? மொழி இங்கே சின்ன விஷயம் இல்லை. மணப்பாறையிலிருந்தும் லால்குடியிலிருந்தும் வருகிற பெரியவர் 'நெஞ்சைப் பிசையுது', 'கிறுகிறுன்னு வருது' என்றுதான் சொல்வார். அந்தக் குரலில் எது சாதாரணம், எது டாக்டரை உடனே கூப்பிட வேண்டியது என்று காது பழகுவதே முதல் வருடத்துப் பாடம். கன்னடத்தில் அதைத் தொடங்கினால் பாதி நேரம் மொழிக்கே போய்விடும். நோயாளிகளுக்கும் இங்கே பஞ்சமில்லை. பெரம்பலூர், அரியலூர், புதுக்கோட்டை, கரூர் என்று சுற்றுவட்டாரமே சிகிச்சைக்குத் திருச்சிக்குத்தான் வருகிறது.

சம்பளம்? நியாயமான கேள்வி. உச்ச நீதிமன்றம் 2016 ஜனவரியில் உத்தரவிட்டதன் பேரில் அமைந்த மத்திய அரசுக் குழு, ஐம்பது படுக்கைக்குக் குறைவான தனியார் மருத்துவமனையிலும் நர்ஸுக்கு 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது, இருநூறு படுக்கைக்கு மேல் இருந்தால் அரசுச் சம்பளத்துக்கு இணையாகத் தர வேண்டும் என்று பரிந்துரைத்தது. அது பல இடங்களில் காகிதத்தோடு நின்றுவிட்டது. ஆக, குறைந்த சம்பளம் திருச்சிக்கு மட்டும் உரிய நோய் அல்ல. சென்னையில் கூடுதலாகக் கிடைக்கும் சில ஆயிரங்களை ஹாஸ்டல் வாடகையும் சாப்பாடும் ஊருக்கு வந்துபோகும் டிக்கெட்டும் எடுத்துக்கொள்ளும். சம்பளத்தோடு இன்னொன்றையும் கேளுங்கள்: நைட் டியூட்டியில் ஒரு நர்ஸுக்கு எத்தனை நோயாளிகள்? பொது வார்டில் ஐந்து பேருக்கு ஒருவர், கற்பிக்கும் மருத்துவமனையில் மூன்று பேருக்கு ஒருவர் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவுகோல். பதில் மழுப்பலாக வந்தாலோ, பாண்ட் எழுதி ஒரிஜினல் சர்டிபிகேட்டைக் கொடுக்கச் சொன்னாலோ, எந்த ஊராக இருந்தாலும் எழுந்து வந்துவிடலாம்.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. உள்ளூரில் இருந்தால் வீடு விடாது. நைட் டியூட்டி முடிந்து காவிரிப் பாலம் தாண்டி வரும் பெண்ணுக்கு அடுப்படி காத்திருக்கும். உறவுக்காரர் வீட்டு விசேஷத்துக்கு லீவு போடச் சொல்வார்கள். ஆறாவது மாதம் ஜாதகம் வெளியே வரும். இதை மறுக்க என்னிடம் வாதமில்லை. ஆனால் இதற்கு மருந்து முன்னூறு கிலோமீட்டர் தள்ளித்தான் இருக்க வேண்டுமா? புத்தூரிலோ தென்னூரிலோ மருத்துவமனைக்குப் பக்கத்தில் ஹாஸ்டலில் தங்கிக்கொண்டு, வார விடுப்புக்கு மட்டும் ஸ்ரீரங்கம் வந்தால் போதும். அக்கம்பக்கம் ஏதாவது பேசும், பேசட்டும். பெற்றோர் இதற்குச் சம்மதிக்கவே மாட்டார்கள் என்றால், அப்போது சென்னை ரயிலேறுவதில் நியாயம் இருக்கிறது.

விதிவிலக்குகளும் உண்டு. வேலூர் சி.எம்.சி.யோ புதுச்சேரி ஜிப்மரோ கூப்பிட்டால் யோசிக்க வேண்டாம்; அங்கே வேலையே படிப்பு. எய்ம்ஸ் நடத்தும் நார்செட் தேர்வில் தேறினால் அடிப்படைச் சம்பளமே 44,900 ரூபாய். எங்கே போட்டாலும் போகலாம். வளைகுடா ஆசை உள்ளவர்களுக்கும் திருச்சி குறுக்கே நிற்காது. அங்குள்ள வேலைகள் பெரும்பாலும் இரண்டு வருட அனுபவம் கேட்கின்றன. அதை இங்கேயே சேர்த்துக்கொண்டு இங்கிருந்தே விமானம் ஏறலாம். ஆனால் உள்ளூரில் கிடைப்பது சொல்லித்தர சீனியர் யாரும் இல்லாத, இருபது படுக்கை நர்சிங் ஹோம்தான் என்றால் நான் சொன்ன எதுவும் பொருந்தாது. பெட்டியைக் கட்டுங்கள்.